பன்னிரண்டு பொக்கற் சட்டை

அத்தியாயம் பதினெட்டு

ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்காரி உள்ளே வந்ததும் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவள் என்ன நினைப்பாள்? அதுவும் கொழும்பில் மழை பெய்து இரண்டு மாதமான மார்ச் மாதத்தில்?

சரோஜினிதேவி நினைக்க வேண்டியதையெல்லாம் நினைத்து முடித்திருந்தாள். மிச்சமிருந்தது கணவரிடமும் தம்பியிடமும் கேட்பது மட்டும்தான். அதற்குத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

போன கிழமை அவளுடைய கணவர் கதிர்காமநாதனுக்கு வந்த கடிதத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தேசிய ரக்பி அணிக்கு உடல்வலுப் பயிற்சியாளர் தேவை; வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தெரிவுக்குழுவின் முன்னால் தன் முறையைச் செய்து காட்ட வேண்டும். அந்த மனிதர் கடிதத்தை நாலு தரம் வாசித்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே கை கழுவப் போனார்.

ஐம்பத்திரண்டு வயதில் வந்த கடிதம். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தபடி, கொட்டாஞ்சேனையில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் இரும்பு தூக்கத் தொடங்கியவர் அவர். பாரம் தூக்கினால் விளையாட்டுக்காரன் மந்தமாகிவிடுவான் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், கிளப் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். எண்பத்துமூன்றில் வீடு எரிந்தபோது சாம்பலுக்குள் மிஞ்சியது அவருடைய இரும்புக் கம்பி ஒன்றுதான். அதைத் தேங்காய்த் தும்பால் தேய்த்து எடுத்து, அடுத்த மாதமே பயிற்சியைத் தொடங்கிவிட்டார். இருபத்தைந்து வருடம், மூன்று கிளப், பெயருக்கு முன்னால் எப்போதும் ‘அசிஸ்டன்ற்’. பெரிய கோச்மார் வந்தார்கள், போனார்கள். நாதன் மாஸ்டர் மட்டும் விசிலோடு அப்படியே நின்றார்.

ஆனால் ஜனவரியில் களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர் அவருடைய நெஞ்சைப் பார்த்துவிட்டு, இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். சரோஜினிதேவி கோயிலில் வைத்து அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், தான் தூக்கக்கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

அது மட்டுமா? தம்பி நமசிவாயத்தின் பொலிஸ் பதிவும் இன்றோடு முடிகிறது. கண் ஒப்பரேஷனுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து நாலு மாதம். மாதா மாதம் பொலிஸ் ஸ்ரேஷனுக்குப் போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வெள்ளவத்தை வீடு சரோஜினிதேவியின் பேரில் இருப்பதால், ‘இவரை எனக்கு நன்றாகத் தெரியும், இவர் வந்த நோக்கமும் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். அதற்காகத்தான் கந்தோருக்கு லீவு போட்டிருந்தாள்.

நோக்கம் தெரியுமா? கண் ஒப்பரேஷன் முடிந்து ஆறு கிழமை. பிறகும் ஏன் நிற்கிறான்? ஒன்றுவிட்ட ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்கு ஏன் போகிறான்? கேட்டால் ‘ஒரு சிநேகிதன்’ என்கிறான். தோய்க்கப் போட்ட சட்டையை உதறினால் இரும்புத் தூள் கொட்டுகிறது. போன கிழமை தடித்த நைலோன் நூல் இருக்குமா என்று கேட்டான். முப்பத்தாறு வயது வெல்டருக்கு நைலோன் நூல் எதற்கு?

மகள் மைதிலியும் சரியில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை, காலையில் மூன்று முட்டை தின்கிறது. படியேறும்போது தொடையைப் பிடித்துக்கொள்கிறது. போன வருடம் ஓட்டப் பயிற்சி முடிந்து வந்தவளை வீதிச் சோதனைச் சென்றியில் இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்த பிறகு, சரோஜினிதேவி ஓட்டத்தையே நிற்பாட்டிவிட்டாள். அன்றிலிருந்து தாயும் மகளும் அளந்துதான் கதைக்கிறார்கள். இன்று காலை ஆறரைக்கே, “கிளாஸ் இருக்கு” என்று புறப்பட்டாள். உடுத்திருந்ததோ இரண்டு பேர் புகக்கூடிய ஒரு தொளதொளப்பான பஞ்சாபிச் சட்டை.

“உதென்ன உடுப்பு? ஆற்றையோ உடுப்பைக் களவெடுத்தவள் மாதிரி.”

“வெக்கையா இருக்கம்மா.”

பம்பலப்பிட்டியில் கணக்கியல் வகுப்பு. பன்னிரண்டு மணிக்கு முடியும். அதற்கு மேல் சரோஜினிதேவி கேட்கவில்லை. ஒரு நாளில் ஒரு ஆளைத்தான் சந்தேகிக்கலாம் என்று அவள் அப்போது நினைத்திருந்தாள் போலும்.

எட்டே முக்கால் இருக்கும். நமசிவாயம் குளியலறையில் நின்றான். பொலிஸ் படிவத்தில் அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டியிருந்தது. அவனுடைய பைக்குள் அட்டை இருக்கும் என்று கட்டிலுக்குக் கீழிருந்து பையை இழுத்தாள். பை வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நிலத்தில் உரசிக்கொண்டு வந்தது.

பையின் சிப்பைத் திறந்தாள்.

கறுப்புக் கன்வஸில் தைத்த கையில்லாத சட்டை ஒன்று. தோளில் தடித்த பட்டி, இடுப்பில் கொளுக்கி. நெஞ்சுப் பக்கம் ஆறு பொக்கற், முதுகுப் பக்கம் ஆறு பொக்கற். ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டை கட்டையாக ஏதோ செருகியிருந்தது. கறுப்பு ரப்பரால் சுற்றியிருந்தபடியால் என்னவென்று தெரியவில்லை.

அவளுடைய கை தானாகப் பின்னுக்கு வந்தது. குண்டு வெடித்த மறுநாள் இப்படியொரு சட்டையின் படத்தைப் பேப்பரில் பார்க்காத ஆள் கொழும்பில் உண்டா? அந்தச் சட்டைக்குப் பேப்பர்காரர்கள் சொல்லும் பெயரை அவள் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை.

“அக்கா, துவாய் எங்கை?”

தலையில் தண்ணீர் சொட்ட நமசிவாயம் கதவடியில் நின்றான். பை திறந்திருந்ததைக் கண்டான். முகம் செத்துப்போனது.

“பார்த்திட்டியளோ?”

“பார்த்தன்.”

“அக்கா, சத்தம் போடாதேங்கோ. பின்னேரம் நாலு மணி வரைக்கும் பொறுங்கோ. பிறகு நானே எல்லாம் சொல்லுறன்.”

நாலு மணி.

“நாலு மணிக்கு என்ன நடக்கப்போகுது?”

“இப்ப சொல்லேலாது. வாக்குக் குடுத்திட்டன்.”

“ஆருக்கு?”

அவன் குனிந்து பையின் சிப்பை இழுத்து மூடினான்.

“ஆருக்கடா வாக்குக் குடுத்தனீ? கொட்டாஞ்சேனையில ஆர் இருக்கினம் உனக்கு? நாலு மாசம் என்ர சோத்தைத் திண்டுகொண்டு, என்ர கட்டிலுக்குக் கீழை இதைக் கொண்டந்து வைச்சிருக்கிறாய். எனக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்குது தம்பி. அந்த மனிசன் இருபத்தைஞ்சு வருஷம் நாயாப் பாடுபட்டு இண்டைக்குத்தான் நிமிரப்போறார். உன்னால எல்லாரும் உள்ளுக்குப் போகவேணுமோ?”

நமசிவாயம் நிமிர்ந்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒப்பரேஷன் செய்த கண் சிவந்து கலங்கியது.

“அக்கா, நீங்கள் என்னை அப்பிடியோ நினைச்சியள்?”

‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவளுக்கு அது வரவில்லை. அம்மா செத்தபோது ஒன்பது வயதாக இருந்தவனைக் குளிக்க வார்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள் அவள். அவனுடைய முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொல்ல முடியவில்லை, உண்மையும் சொல்ல முடியவில்லை.

“நீ இந்த வீட்டை விட்டுப் போ” என்றாள்.

அவன் ஈரத்தலையோடு, கதவில் தொங்கிய தன் சட்டையை மாட்டினான். அடையாள அட்டை அந்தச் சட்டைப் பையிலேயே இருந்தது. பையை எடுக்கவில்லை. செருப்பைப் போட்டான்.

“இந்தச் சாமானையும் கொண்டு போ!”

“அது என்ர இல்லை” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

என்னுடையது இல்லையாம். அப்படியானால் யாருடையது? கேட்பதற்கு ஆள் இல்லை. மேசையில் பொலிஸ் படிவம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

பிறகு நாலு மணித்தியாலம் சரோஜினிதேவி என்ன செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சமைக்கவில்லை. பையை நகர்த்தப் பயந்து, உடுப்புத் தோய்க்கிற பெரிய பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்து அதன் மேல் கவிழ்த்து மூடினாள். பேசினால் மறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆனாலும் மூடினாள். இரண்டு தரம் ரெலிபோனைத் தூக்கினாள். பொலிசுக்குச் சொன்னால் தம்பி போய்விடுவான். சொல்லாவிட்டால் நாலு மணிக்கு யாரோ, எங்கேயோ... இரண்டு தரமும் வைத்துவிட்டாள். ஒழுங்கைக்குள் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் யன்னலடிக்கு ஓடினாள். தான் பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனைப் பற்றி இவ்வளவு கெதியாக நம்பிவிட்டோமே என்ற வெட்கமும் அதற்குள்ளே இருந்தது. அந்த வெட்கத்தைப் பயம் அமுக்கி வைத்திருந்தது.

ஒரு மணிக்குக் கதிர்காமநாதன் வந்தார். கையில் விசில், முகத்தில் கலியாண மாப்பிள்ளைக் களை.

“சரோ, மூண்டு மணிக்குக் கிளப் வான் வருது. நமசிவாயம் எங்கை?”

அவள் அறையைக் காட்டினாள். அவர் பேசினைப் பார்த்தார்.

“உதென்ன, கோழி அடை வைச்சிருக்கிறீரோ?”

“தூக்காதேங்கோ!”

தூக்கிவிட்டார். பையைக் கண்டதும், களவாகச் சீனி தின்று பிடிபட்ட சின்னப்பிள்ளை முகம் வந்தது அவருக்கு.

“அவன் சொல்லிப்போட்டானோ? சொல்லக்கூடாது எண்டு பிள்ளையார் மேல சத்தியம் வாங்கினனான்.”

“நீங்களா? நீங்களுமா?”

“ஓம், நான்தான் செய்யச் சொன்னது. கோவிக்காதையும். வெயிட் ஜாக்கெட்.”

“என்ன ஜாக்கெட்?”

அவர் சட்டையைத் தூக்கி ஒரு பொக்கற்றிலிருந்து கட்டையை உருவினார். ரப்பரைக் கழற்றினார். உள்ளே வெறும் இரும்புத் துண்டு. அதில் மஞ்சள் பெயின்ற்றால் ‘500’ என்று எழுதியிருந்தது. அந்த ஐந்தின் வளைவை சரோஜினிதேவி இருபத்தைந்து வருடமாகத் தன் வீட்டு மூலையெல்லாம் கிடந்த இரும்புத் தட்டுகளில் பார்த்திருக்கிறாள்.

“ஒரு பொக்கற்றுக்கு அரைக் கிலோ. பன்னிரண்டுக்கும் ஆறு கிலோ. ஓடுற பிள்ளைக்குத் தோளில மட்டும் பாரம் வைச்சா இடுப்புப் போயிரும். நெஞ்சிலயும் முதுகிலயும் சமனாப் பிரிச்சுப் போட்டா ஒண்டும் செய்யாது. கிழமைக்கு ஒரு துண்டு கூட்டலாம். வெளிநாட்டில இருக்குதாம், இஞ்சை எடுக்கேலாது. அதுதான் நமசிவாயம் கொட்டாஞ்சேனை லேத்துப் பட்டறையில இரும்பு வெட்டினவன். எங்கட தையல்கார ஜவாஹிறா தைச்சுத் தந்தவ. இதைத்தான் இண்டைக்குக் காட்டப்போறன்.”

“ஆருக்குப் போட்டுக் காட்டப்போறியள்?”

அவர் இரும்புத் துண்டைத் திரும்ப ரப்பருக்குள் செருகினார். அங்கேதான் விஷயமே இருந்தது. தான் செய்து பார்க்காத எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டார் கதிர்காமநாதன். இருபத்தைந்து வருடமாக அது அவருடைய சட்டம். புதுப் பயிற்சி என்றால் முதலில் அவருடைய முழங்கால், அவருடைய முதுகு. இருபது வயதுக்காரன் மறுப்புச் சொல்லாமல் அவர் பின்னால் ஓடியது அதனால்தான். அவர்தான் போடப்போகிறார். களுபோவில டொக்டரும் கோயில் சத்தியமும் எங்கேயோ போயிற்று.

“இரண்டு கிழமையா இதைப் போட்டுக்கொண்டு கிளப்பில நடந்து பார்த்தனான். ஒண்டும் செய்யேல்லை. உமக்குச் சொன்னா விடமாட்டீர். அதுதான் அவனைச் சொல்லவேண்டாம் எண்டனான்.”

சரோஜினிதேவி கட்டிலில் இருந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. கடைசியில் இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது.

“இது என்ன ஆண்டு தெரியுமோ உங்களுக்கு? தொண்ணூத்தெட்டு! ஒரு தமிழன் கொழும்பில பன்னிரண்டு பொக்கற் வைச்சுக் கறுப்புச் சட்டை தைப்பிக்கிறார்! இதைக் கொட்டாஞ்சேனையில இருந்து எப்பிடிக் கொண்டந்தனீங்கள்?”

“பஸ்ஸிலதான்.”

“பஸ்ஸிலயோ!”

“கையில தூக்கப் பாரமாக் கிடந்தது. அதால நான் போட்டுக்கொண்டு, மேலை சேட் போட்டு...” அவர் பாதியில் நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். இரண்டு கிழமையாக ஒரு பயிற்சியாளனின் கண்ணால் மட்டுமே பார்த்த பொருளை, அப்போதுதான் சென்றியில் நிற்கிறவனின் கண்ணால் பார்த்தார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்த்தது.

“ஐயோ சரோ” என்றார் மெதுவாக. “நான் இதை யோசிக்கவே இல்லை.”

யோசித்திருக்கமாட்டார். அந்த மனிதரின் தலைக்குள் யுத்தம் நுழைய இடமில்லை. முழுக்கத் தசையும் எலும்பும்தான். அவளுக்கு அவர் மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

“நமசிவாயம் எங்கை?” என்று அவர் மறுபடி கேட்டார்.

சொன்னாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவருடைய கலியாணக் களை வடிந்தது.

“பதிவு இண்டையோட முடியுதெல்லோ? பிடிச்சாங்களெண்டா?”

“நான்தான் துரத்தினனான். என்ர வாயாலதான் துரத்தினனான்.” அவள் விம்மினாள். “நான் அப்பிடி நினைச்சனோ எண்டு கேட்டவன். பேசாமல் நிண்டன்.”

“நான் வானுக்குச் சொல்லுறன், வரேல்லை எண்டு. முதல் அவனைத் தேடுவம்.”

இருபத்தைந்து வருடத்தை அவர் ஒரு வசனத்தில் தள்ளி வைத்தார். அதைத் தாங்க அவளால் முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலையில் தொடப் பயந்த அதே சட்டையை மடியில் இழுத்து வைத்து, ஒவ்வொரு பொக்கற்றாக இரும்பை உருவினாள். எட்டுத் துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டாள். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு மட்டும் விட்டாள்.

“நாலு துண்டு. அதுக்கு மேலை ஒண்டும் போடப்படாது. ஓடக்கூடாது, நடந்து காட்டுங்கோ. சட்டையை நீங்கள் தொடக்கூடாது, கிளப் கப்டன் வானுக்குள்ள திறந்து வைச்சுக்கொண்டு வரட்டும். மறிச்சா அவர் சிங்களத்தில சொல்லட்டும். தம்பியை நான் பார்க்கிறன்.”

கதிர்காமநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பார்க்கிறியள்? போய் முகத்தைக் கழுவுங்கோ.”

மேசைக்குப் போனாள். படிவத்தை நிமிர்த்தி வைத்தாள். ‘இவரை எனக்கு நன்றாகத் தெரியும், இவர் வந்த நோக்கமும் தெரியும்.’ இந்த முறை பேனா தயங்கவில்லை. சரோஜினிதேவி கதிர்காமநாதன் என்று முழுப்பெயரும் எழுதினாள். காலையில் சொல்லாமல் விட்ட ‘இல்லை’யை இப்படியாவது சொல்லிவிட்டதாக அவளுக்கு ஆறுதல். தம்பியை எப்படியாவது பிடித்து, பொழுதுபடுமுன் ஸ்ரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் போதும். இனி அவனை ஒரு நாளும் சந்தேகப்படுவதில்லை என்று பிள்ளையாரிடமும் சொல்லி வைத்தாள்.

அவன் போனால் கொட்டாஞ்சேனைக்குத்தான் போவான். லேத்துக்குப் பக்கத்தில்தான் ஸவாஹிரின் பலசரக்குக் கடை. மேல்மாடியில் அவருடைய மனைவி ஜவாஹிறா தைப்பாள். கொட்டாஞ்சேனையில் இருந்த காலம் தொட்டு அந்த வீட்டுச் சட்டையெல்லாம் அவளுடைய தையல்தான். கடைக்குப் போன் எடுத்தாள். ஸவாஹிர் மேலே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது.

“அக்காவா? சொகமா இரிக்கிறீங்களா?” ஜவாஹிறா மூச்சு வாங்கியபடி வந்தாள்.

“ஜவாஹிறா, என்ர தம்பி அங்கை வந்தவனே?”

“இல்லியே அக்கா. இன்டைக்கு இந்தப் பக்கம் வரவே இல்ல. ஏன், சட்ட சரியில்லையா? ரெண்டுக்கும் ஒரே கன்வஸ்தான் போட்டன்.”

“ரெண்டுக்குமோ?”

முகம் துடைத்துக்கொண்டு வந்த கதிர்காமநாதன் அப்படியே நின்றார். “நான் ஒண்டுதானே தைக்கச் சொன்னனான்” என்றார்.

“ஓ, ரெண்டுதான். பெரிசு மாஸ்டருக்கு. சின்னது தம்பி பொறகு வந்து சொன்னாரு. அளவெடுக்கத் தேவப்படல்ல. பொங்கலுக்கு உங்கட மகளுக்குச் சட்ட தச்சேனே, அந்த அளவு என்ட அளவுக் கொப்பியில இரிந்திச்சி. அதப் பாத்துத்தான் வெட்டினன்.”

சரோஜினிதேவி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. வகுப்பு பன்னிரண்டுக்கு முடிந்திருக்கும்; மைதிலியை இன்னும் காணவில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். நடுவில் இரண்டு சென்றி.

“அதை ஆர் வந்து எடுத்தது, ஜவாஹிறா?”

“மகள்தான். காலைல எட்டு மணிக்கே வந்துட்டா. போட்டுப் பாத்துட்டு அப்பிடியே உடுத்துக்கிட்டுப் போனா. மேலால சட்ட போட்டா வெளிய தெரியவே கூடாதுண்டு சொல்லித்தானே தைக்கச் சொன்னாங்க? நான் முன்னாலயும் பின்னாலயும் சுத்திச் சுத்திப் பாத்தன் அக்கா. கொஞ்சமும் தெரியல்ல.”

ஜவாஹிறாவின் குரலில், நல்ல வேலை செய்து கொடுத்த பெருமை இருந்தது.